பூக்கணக்கு

ஏற்காடு கோடை விழாவுக்குப் போய்விட்டு வந்து இன்றோடு ஐந்து நாட்கள் ஆகின்றன. நானும் எதிர்வீட்டு ஆடிட்டரும் அன்றிரவே வீடு திரும்பிவிட்டோம். அவருடைய ஸ்கூட்டர் மட்டும் நேற்று மாலைதான் வந்து சேர்ந்தது. இந்த இடைவெளியில் எங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் என்னை எதிர்ப்பட்ட ஒருவர்கூட வழக்கம்போல என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாரும் ஸ்கூட்டரையே விசாரித்தார்கள். ஒரு முழங்கால் இவ்வளவு தூரம் புறக்கணிக்கப்பட்டு நான் கண்டதில்லை.

ஆடிட்டரைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். நாலணா வித்தியாசத்துக்காகப் பால்காரரை மூன்று நாள் வாசலில் நிறுத்திய மனிதர் அவர். என் அக்கா மகன் தன் மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஏற்காட்டுக்குக் காரில் போகிறான், பின்னால் இரண்டு இடம் இருக்கிறது என்று நான் சொன்ன மாத்திரத்தில், அவர் உள்ளே போய்ப் பேனாவோடு திரும்பி வந்தார். அவன் கன்னங்குறிச்சியிலிருந்து புறப்பட்டு, ஊரைக் கடந்து அம்மாப்பேட்டைக்கு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு மறுபடியும் ஊரைக் கடந்து மலையடிவாரத்துக்குப் போவதில் எத்தனை லிட்டர் பெட்ரோல் வீணாகும் என்பதை ஒரு காலண்டர் தாளின் பின்புறத்தில் போட்டுக் காட்டினார். அதன்படி நாங்கள் இருவரும் அவருடைய ஸ்கூட்டரில் அடிவாரம் வரை போய், அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் காரில் ஏறிக்கொள்வது என்றும், மாலையில் அடிவாரத்திலேயே இறங்கி ஸ்கூட்டரில் வீடு திரும்புவது என்றும் முடிவாயிற்று. யாருடைய பெட்ரோலையோ மிச்சப்படுத்துவதற்காகத் தன்னுடைய பெட்ரோலைச் செலவழிக்கும் உத்தமர் இந்தக் காலத்தில் கிடைப்பது அரிது என்று நானும் நெகிழ்ந்து போனேன்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடைக்காரர் எங்களுக்கு இரண்டு டீயைக் கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஸ்கூட்டரை விட்டுக்கொள்ளச் சொன்னார். வாகன நிறுத்தக் கட்டணம் இல்லை என்று தெரிந்ததும் ஆடிட்டரின் முகத்தில் தோன்றிய ஒளியை அவருடைய மகன் திருமணத்தில்கூட நான் பார்க்கவில்லை. அந்த ஒளியில் கண் கூசியதாலோ என்னவோ, என் மனைவி விடியற்காலையில் எழுந்து கிளறிக் கட்டிக்கொடுத்த புளியோதரை அடங்கிய எவர்சில்வர் டப்பா ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதை நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது; எனினும் அரசாங்கம் எழுதியதைச் சரிபார்க்காமல் விடுவது அவருடைய மரபு அல்ல. ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே வந்தார். குழந்தைகளும் கூடவே எண்ணின. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்த வரலாற்றை நான் குழந்தைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தபோது, எண்ணிக்கை தவறிவிடும் என்று என்னை அடக்கினார். பதினேழாவது வளைவில் அவராகவே எண்ணுவதை நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை இறக்கும்படி மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டார். மீதி மூன்று வளைவுகளைப் பலகையின் சொல்லை நம்பியே கடந்தோம்.

கீழே சேலம் அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருக்க, மேலே ஏரிக்கரையில் காற்று கொஞ்சம் கருணையோடு வீசியது. ஏழைகளின் ஊட்டி என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் கருணையில் பங்கு கேட்டு மாவட்டமே வந்திருந்தது. கொழுகொழு குழந்தைகள் போட்டி முந்தைய நாளே முடிந்துவிட்டதாம். நாய்கள் கண்காட்சியை ஓரமாக நின்று பார்த்தோம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் வரிசையில் நிமிர்ந்து நின்றன. பொசுபொசுவென்று முடி வளர்த்த வெளிநாட்டு நாய்களுக்கு அவற்றின் சொந்தக்காரர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். நடுவர் ஒவ்வொரு நாயின் வாயையும் திறந்து பற்களைப் பார்ப்பதைக் கவனித்த ஆடிட்டர், தனக்குப் பல் பிடுங்கிய மருத்துவர் இந்தப் பொறுமையில் பாதியைக் காட்டியிருந்தால் சரியான பல் போயிருக்கும் என்றார். படகுச் சவாரிக்கான வரிசையின் நீளத்தைப் பார்த்ததும், அதன் வாலில் நிற்பவர்களுக்கு நிலா வெளிச்சத்தில்தான் படகு கிடைக்கும் என்று அவர் கணித்துவிட்டதால், நாங்கள் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு அண்ணா பூங்காவுக்குள் நுழைந்தோம்.

அங்கேதான் வினை தொடங்கியது. மலர்க் கண்காட்சியில் இத்தனை லட்சம் மலர்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன என்று யாரோ ஒலிபெருக்கியில் பெருமையாக அறிவித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஆயிரம் பேர் அதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். ஒருவர் மட்டும் புருவத்தைச் சுருக்கினார்.

கார்னேஷன், ரோஜா, ஜெர்பரா என்று வகை வகையான பூக்களைக் கொண்டு ஆளுயரத்துக்கு ஒரு மாட்டு வண்டி செய்திருந்தார்கள். இரண்டு மாடுகள், இரண்டு சக்கரங்கள், மேலே கூண்டு, எல்லாமே பூ. பார்க்கப் பார்க்க அலுக்காத அழகு. ஆடிட்டர் தன் குடையை மடக்கிப் பிடித்து, அதன் நீளம் நான்கு சாண் என்று கையால் அளந்து உறுதி செய்துகொண்டு, தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றபடி குடையை நீட்டி வண்டியை அளக்க ஆரம்பித்தார். ஒரு சாண் சதுரத்துக்கு இருபத்தைந்து பூக்கள் என்பது அவருடைய மாதிரிக் கணக்கு. கூண்டைச் சுலபமாக முடித்துவிட்டார். சக்கரத்துக்கு இருபத்திரண்டின் கீழ் ஏழு தேவைப்பட்டது. மாடுகளின் வயிற்றுப் பகுதியையும் எப்படியோ உருளை என்று வைத்துக்கொண்டு சமாளித்தார். கொம்புக்கும் திமிலுக்கும்தான் எந்த வாய்பாடும் ஒத்துவரவில்லை என்பதால் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.

இதற்குள் அவருக்குப் பின்னால் ஓர் அணிவகுப்பே சேர்ந்துவிட்டது. ஏற்காட்டு மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் பூவைப் பார்ப்பதற்காக வருவதில்லை, பூவுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளவே வருகிறார்கள் என்ற உண்மையை அன்று நான் நேரில் கண்டேன். ஒவ்வொரு குடும்பமும் வண்டிக்கு முன்னால் வந்து நின்று, சிரித்து, செல்போனைத் தூக்கிப் பிடிக்கும். படத்தின் ஓரத்தில் குடையை ஈட்டிபோல் நீட்டிக்கொண்டு உதடு அசைய எண்ணும் ஒரு மனிதர் இருப்பார். கொஞ்சம் நகரும்படி கேட்ட புதுமணத் தம்பதியிடம், முந்நூற்று நாற்பதில் இருப்பதாக அவர் பதில் சொன்னார். அவர்கள் அதை என்னவென்று புரிந்துகொண்டார்களோ, சட்டென்று விலகிப் போய்விட்டார்கள். குறைந்தபட்சம் நாற்பது குடும்பங்களின் நினைவுப் பெட்டகத்தில் ஆடிட்டர் இப்போது நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறார். நான் பஜ்ஜிப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்று, இந்த மனிதரை எனக்குத் தெரியாது என்பதுபோல் ஒரு முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன். அவரோ ஒவ்வொரு நூறு முடிந்ததும் "சார், ஒரு நூறு" என்று என்னிடம் ஒப்படைத்துக்கொண்டே இருந்ததால் அது கைகூடவில்லை.

இடது மாட்டின் இரண்டாவது கொம்பில் இருக்கும்போது காவலாளி விசில் ஊதினார். குடை நுனி பூவைத் தொட்டுவிட்டதாம். தொடவில்லை என்று இவரும், தொட்டது என்று அவரும் வாதிட்டுக்கொண்டிருக்கையில், வாடிய பூக்களை எடுத்துவிட்டுப் புதுப் பூக்களைச் செருகிக்கொண்டிருந்த பூங்காப் பணியாளரான ஓர் அம்மா பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அறிவித்த கணக்கு உண்மைதானா, எண்ணித்தான் வைத்தீர்களா என்று ஆடிட்டர் அவரிடமே நேரடியாகக் கேட்டுவிட்டார். "எண்ணறதுக்கு எங்கங்க ஐயா நேரம்? குத்தி முடிக்கறதுக்கே விடிஞ்சு போச்சு" என்றார் அந்த அம்மா, கையை நிறுத்தாமல். அவருடைய விரல் நுனிகள் பச்சையேறிக் கிடந்தன. ஆடிட்டர் ஒன்றும் பேசாமல் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எண்ணிக்கை நின்ற இடம் எண்ணூற்றுப் பன்னிரண்டு. இதை நான் ஏன் நினைவில் வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள். காரில் திரும்பும்போது பதினொரு முறை சொன்னார்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தோடு காருக்குள் ஏறி, ஜன்னலெல்லாம் ஆவி படிய, வாங்கிய காப்பித்தூளின் மணத்தில் எல்லாரும் கண் அயர்ந்துவிட்டோம். நான் விழித்துப் பார்த்தபோது பாதை பழகியதாக இல்லை. வளைவுகளின் எண் பலகையைத் தேடிய ஆடிட்டர்தான் முதலில் பதறினார். விழா நாட்களில் வண்டிகள் அடிவாரம் வழியாக ஏற வேண்டும், குப்பனூர் வழியாக இறங்க வேண்டும், போலீஸார் ஒருவழிப் பாதையாக்கிவிட்டார்கள் என்று அக்கா மகன் அமைதியாகச் சொன்னான்.

"செய்தித்தாளில் போட்டிருந்தார்களே, மாமா. ஆடிட்டர் மாமா தினமும் படிப்பவர்தானே?"

ஆடிட்டர் தினமும் படிப்பது தங்கம் விலையை மட்டுமே.

இதில் கொடுமை என்னவென்றால், குப்பனூரில் இறங்கி அயோத்தியாப்பட்டணம் வழியாகச் சேலத்துக்குள் நுழையும் வண்டி அம்மாப்பேட்டையைத் தொட்டுத்தான் போக வேண்டும். அக்கா மகன் எங்களை எங்கள் தெரு முனையிலேயே, ஆடிட்டருடைய வீட்டிலிருந்து முப்பதடி தூரத்தில், பத்திரமாக இறக்கிவிட்டான். அங்கிருந்து ஊரின் மறு கோடியில், மலைக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகையில், எங்கள் புளியோதரையை அடைகாத்துக்கொண்டு ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. எந்தப் பெட்ரோலை மிச்சப்படுத்தினோம் என்று கேட்க நான் வாயெடுத்தேன். மழையில் நனைந்து நின்ற அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, முனைக் கடையில் தட்டுவடை செட் சாப்பிடலாமா என்று மட்டும் கேட்டேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் பேருந்தில் போய்ப் பார்த்தால் டீக்கடை மூடிக் கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. விசாரித்ததில், கடைக்காரர் கோடை விழாக் கூட்டத்தை நம்பி மலைமேல் பஜ்ஜிக் கடை போட்டிருப்பதாகவும், கொட்டகைச் சாவி அவர் இடுப்பில் இருப்பதாகவும் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சொன்னார். நாங்கள் ஏரிக்கரையில் வாங்கித் தின்றது அவருடைய பஜ்ஜியாகவே இருந்திருக்கலாம் என்ற எண்ணம் ஆடிட்டரை இன்னமும் அரித்துக்கொண்டிருக்கிறது. விழா முடிந்து அவர் இறங்கி வந்த பிறகே நேற்று விடுதலை கிடைத்தது. மே மாத வெயிலில் நான்கு நாள் தகரத்துக்கு அடியில் இருந்த டப்பாவைத் திறக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் எங்கள் இரு வீடுகளுக்கும் இடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. டப்பா தற்போது அவர் வீட்டுக் கொல்லையில், செங்கல்லுக்கு அடியில் இருக்கிறது. என் மனைவி அதன் மூடியில் தன் பெயர் பொறித்திருப்பதை மணிக்கொரு தரம் நினைவூட்டுகிறாள்.

இன்று காலையில் அக்கா மகனின் மனைவி விழாவில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தாள். அவற்றில் ஒன்றில் குழந்தைகள் இருவரும் மாட்டு வண்டிக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் குடையை உயர்த்தியபடி ஆடிட்டரும், பஜ்ஜிப் பொட்டலத்தை ஏந்தியபடி நானும். ஆடிட்டர் என்னிடம் திரும்பி எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார், அநேகமாக ஒரு நூறு. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவரைத் தெரியாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற படம் இது ஒண்ணுதான்" என்றாள் என் மனைவி. அப்படி இருக்காது என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்த கல்யாண ஆல்பங்களை எல்லாம் இறக்கிப் புரட்டினேன். 1991 முதல் எதிரெதிர் வீடு. என் மகள் திருமணத்தில் காலை முதல் பந்தி முடியும் வரை மொய் எழுதியவர் அவர். ஒரு படத்திலும் இல்லை. அவர் மகன் திருமணத்தில் வேறு யார் எழுதினாலும் கூட்டல் தப்பும் என்று அந்த நோட்டை என் மடியில் வைத்தார். அந்த ஆல்பத்தில் நான் இல்லை.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிரிண்ட் போட்டுவிடலாம் என்றும், கடையில் பதினைந்து ரூபாய் கேட்பான் என்றும், என் பங்கு ஏழு ரூபாய் ஐம்பது காசு என்றும் சொன்னார். எட்டு ரூபாய் கொடுத்தேன். ஐம்பது காசை வரவு வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, என் செல்போனை மட்டும் திருப்பித் தராமல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்: மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, இடது மாட்டின் இரண்டாவது கொம்பிலிருந்து, எண்ணூற்றுப் பதின்மூன்று, எண்ணூற்றுப் பதினான்கு என்று உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறார்.