குள்ளமான பையன், கூடுதல் வளர்ச்சி ஹார்மோன்: எண்டோகிரைன் எனக்குப் பிடிபட்ட விதம்

முதல் வருட பிசியாலஜி வைவாவில் எக்ஸாமினர் கேட்டது இது: "அஞ்சு வயசுப் பையன். வயசுக்கேத்த உயரம் இல்லை. ரத்தத்துல வளர்ச்சி ஹார்மோன் பார்த்தா நார்மலைவிட ரொம்ப அதிகம். என்ன சொல்றே?" குறைந்தால் குள்ளம், கூடினால் ராட்சத வளர்ச்சி என்று மனப்பாடம் செய்து போயிருந்தேன். வாயே திறக்க முடியவில்லை. பாஸ் ஆகிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. எண்டோகிரைனை, அதாவது ஹார்மோன் சுரப்பிகள் பற்றிய பாடத்தை, உண்மையில் படிக்கத் தொடங்கியது அன்றைக்கு ராத்திரிதான்.

சுரப்பி, ஹார்மோன், கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று நாலு கட்டம் போட்டுத்தான் எல்லோரும் நோட்ஸ் எழுதுகிறோம். ஐந்தாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ள ரிசெப்டர் (ஏற்பி) இருக்கிறதா? எக்ஸாமினர் கேட்டது லாரன் சிண்ட்ரோம். இஸ்ரேலிய மருத்துவர் ஸ்வி லாரனும் சக மருத்துவர்களும் 1966ல் விவரித்த நோய். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை ஒழுங்காகச் சுரக்கிறது, அதை வாங்கும் ரிசெப்டர்தான் பழுது. அதனால் வளர்ச்சி ஹார்மோனின் சொல்படி உடலை வளரவைக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோனைக் கல்லீரல் போதுமான அளவு உண்டாக்குவதில்லை. அது குறையக் குறைய, தடுக்க ஆளில்லாமல் பிட்யூட்டரி இன்னும் அதிகமாகச் சுரக்கும். இந்தப் பையனுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுப் பயனில்லை. ஐ.ஜி.எஃப்-1ஐயே ஊசியாகக் கொடுக்க வேண்டும்.

இந்த ஐந்தாவது கட்டம் என் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றது சுண்டெலிகளால். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் டக்ளஸ் கோல்மன் இரண்டு வகைக் குண்டுச் சுண்டெலிகளை வைத்திருந்தார்: ஓபி, டிபி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஓயாமல் தின்னும். இரண்டு எலிகளை ரத்தம் கலக்கும்படி ஒட்டித் தைத்துப் பார்த்தார். சாதாரண எலியோடு சேர்த்தபோது ஓபி சாப்பாட்டைக் குறைத்து இளைத்தது. டிபியோடு சேர்த்தபோது ஓபி தின்னாமல் கிடந்து செத்தே போனது. டிபி கொழுத்துக்கொண்டே போனது. நோட்டை மூடி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் யோசியுங்கள், விடையை நீங்களே எட்டிப் பிடிப்பீர்கள். ஓபியிடம் "போதும்" என்று சொல்லும் பொருள் இல்லை. டிபியிடம் அது வழிந்தோடுகிறது, கேட்கும் ரிசெப்டர்தான் இல்லை. 1994ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்தப் பொருளுக்கான ஜீனைக் கண்டுபிடித்தது. அதுதான் லெப்டின், கொழுப்புத் திசு சுரப்பது.

எம்.சி.க்யூவில் பலர் வழுக்கி விழும் இடமும் இதுவே. உடல் பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இருக்காது, அதிகமாகவே இருக்கும்; மூளை அதற்குச் செவி சாய்ப்பதில்லை. கிரெலின் இதற்கு நேரெதிர்: இரைப்பை சுரக்கும், சாப்பாட்டுக்கு முன் ஏறும், பசியைத் தூண்டும். டைப் 1, டைப் 2 சர்க்கரை நோயையும் இதே கேள்வியோடு அணுகுங்கள்: இன்சுலினே இல்லையா, இருந்தும் உடல் அதைக் கேட்கவில்லையா?

தைராய்டுக்கு நிஜ ரிப்போர்ட்டுகளே போதும். டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன், டி4 தைராய்டு சுரப்பது. டி.எஸ்.ஹெச். கூடி டி4 குறைந்தால் பழுது தைராய்டில். டி4 குறைந்தும் டி.எஸ்.ஹெச். ஏறவே இல்லையென்றால் மேலே பிட்யூட்டரியைச் சந்தேகப்படுங்கள். எப்போதும் இரண்டையும் ஜோடியாகப் படியுங்கள்.

பிறகு வார்டுக்குப் போங்கள். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது சர்க்கரை கட்டுப்படவில்லை என்று புறநோயாளிகள் பிரிவுக்கு ஒருவர் வந்தார். கல்யாண மோதிரம் சுண்டு விரலில் இருந்தது. மோதிர விரலில் ஏறவில்லை என்றார். செருப்பு சைஸ் இரண்டு முறை மாறியிருந்தது. யூனிட் மேடம் அவருடைய பழைய டிரைவிங் லைசென்ஸை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். மூக்கும் தாடையும் வேறு ஆளுடையவை போல இருந்தன. வளரும் வயது முடிந்து எலும்பு முனைகள் மூடிய பிறகு வளர்ச்சி ஹார்மோன் கூடினால் உயரம் கூடாது, கையும் காலும் தாடையும் பருக்கும். அக்ரோமெகலி. அந்த ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதால்தான் சர்க்கரையும் ஏறியிருந்தது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்தோம். இறங்க வேண்டிய வளர்ச்சி ஹார்மோன் இறங்கவே இல்லை.