கிளினிக்குக்கு முன்னால் மிஸியைப் பாருங்கள்

ஒட்டுசுட்டான் பக்கம் கலியாணம் கட்டி வந்து ஏழு மாதம். நாள் தள்ளிப்போய், சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்த மூன்றாம் நாளே, யாரிடமும் விசாரிக்காமல் விடியற்காலை கர்ப்பிணிகள் கிளினிக்குக்குப் பஸ் ஏறிவிட்டேன். இரத்தம் எடுப்பார்கள் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வழியில் இரண்டு தடவை ஓங்காளித்தேன். மாமி சேலைத் தலைப்பால் முகம் துடைத்துவிட்டார்.

இரண்டரை மணிநேரம் வாங்கில் இருந்தபின், மேசையில் இருந்தவர் நிமிராமலே கேட்டார்: “கார்ட் எங்கே?” இல்லை என்றேன். “உங்கள் பகுதி மிஸியிடம் பதிந்துகொண்டு வாருங்கள். அடுத்த ஆள்.” இதை வாசலில் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தால் எத்தனை பேருக்குப் பஸ் காசு மிஞ்சும்! திரும்பும்போது அழுதுவிட்டேன்.

புகுந்த ஊருக்கு வந்தவர்கள் கவனியுங்கள்: நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம்தான், அதாவது நாங்கள் மிஸி என்று சொல்பவரிடம்தான் பதிய வேண்டும். எட்டு வாரத்துக்குள் பதிவது நல்லது.

மிஸி மறுநாளே ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தார். முதல் கேள்வியிலேயே தடுமாறினேன். கடைசி மாதவிலக்கு தொடங்கிய திகதி?

“யோசியுங்கோ பிள்ளை, அந்த நாளிலிருந்து 280 நாள் எண்ணித்தான் பேற்றுத் திகதி போடுவோம்.”

மாமிதான் காப்பாற்றினார். வற்றாப்பளைப் பொங்கலன்று எல்லோரும் கோயிலுக்குப் போக, காலையில்தான் தீட்டு வந்ததென்று நான் மட்டும் வீட்டில் நின்றேன். கலண்டரில் அந்தத் திங்கட்கிழமையைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு மிஸி தடுப்பூசி அட்டையைக் கேட்டார். அது 2009 இடப்பெயர்வில் துணிப்பையோடு போய்விட்டது. வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய ருபெல்லா நோய்க்கான ஊசி போட்டேனா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அதைப் போடவும் மாட்டார்கள். கலியாணம் பேசும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், தங்கைமாரே.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தபோதுதான், தம்பி வயிற்றில் இருந்தபோது அவருக்குச் சீனி கூடியிருந்தது தெரிந்தது. இவ்வளவு காலம் சொல்லாத விஷயம். மிஸி அதைக் கார்டில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார். ஃபோலிக் அமிலக் குளிசையும் தந்தார். சாப்பிடாமல் போக வேண்டுமா என்று இம்முறை அவரிடமே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த கிளினிக்கில் நிறை, உயரம், பிரஷர், இரத்தம், சிறுநீர் எல்லாம் பத்து மணிக்குள் முடிந்தன. மாமியின் பையில் பாணும் கதலிப்பழமும் இருந்தன.