உள்மூலை

பிப்ரவரி 1

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணை வாரி மட்டம் தட்டும் பாக்ஸ் பிளேடு பண்ணத் தகடு வந்து இறங்கியாயிற்று. பின்பலகை 10 மி.மீ. கனம், 1650 நீளம், 450 உயரம்: 58 கிலோ. பக்கத் தகடு இரண்டும் 12 மி.மீ., ஒவ்வொன்றும் 21 கிலோ. எல்லாவற்றுக்கும் எடை போட்டுப் பார்க்கும் புத்தி இப்போதுதான் வந்திருக்கிறது. அண்ணன் ஒரு முனையைத் தூக்கினார், மறுமுனையை நான் வலது கையால் மட்டும்.

24-க்குள் முடிய வேண்டும்.

பிப்ரவரி 2

மகள் டேப் பிடித்தாள், நான் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். டிராக்டரின் கைகளில் இதை மாட்டுகிற முளைகள்: கீழ் முளை 22 மி.மீ., மேல் முளை 19. கீழ் முளைகள் இரண்டின் தோள்களுக்கும் நடுவே 683. அங்கிருந்து மேல் முளைக்கு உயரம் 460. "இந்த நம்பரையெல்லாம் யாருப்பா முடிவு பண்ணாங்க?" என்றாள். ஹாரி பெர்குசன் என்று ஒருவர், மூன்று புள்ளிகளில் கருவியை மாட்டுகிற முறையை உருவாக்கினார், 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு அது பெரிய அளவில் வெளியே வந்தது, பிறகு எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு தரம் என்று எழுதி வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவளுக்கு வரலாறு வேண்டாம். "அப்போ நம்ம டிராக்டர் போயிட்டாலும் இது வேற டிராக்டர்ல மாட்டுமா?"

மாட்டும். கேட்டகரி 1, அதாவது இதே முளை அளவு உள்ள டிராக்டர், எதுவானாலும் மாட்டும். யார் ஓட்டினாலும் மாட்டும்.

பிப்ரவரி 4

இன்று டேக் மட்டும், தகடுகளை இடத்தில் பிடித்துவைக்கும் சின்னச் சின்ன வெல்டு. 7018 வெல்டிங் ராடு, சூட்டுப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு. ஈரம் குடித்த ராடில் போட்ட வெல்டு ஆறின பிறகுகூட விரிசல் விடும், அதுவும் தடித்த தகட்டில். குறுக்கு மூலைவிட்டம் இரண்டும் ஒன்றாக வரும்வரை அண்ணனை அடுத்த டேக் வைக்க விடவில்லை. அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வை!

பிப்ரவரி 5

தூக்கம் இல்லை. வலப்பக்கமே படுத்துப் படுத்து அந்தப் பக்கமும் வலிக்கிறது.

பிப்ரவரி 7

முழு வெல்டு. இடம் மாற்றி மாற்றித்தான் போட்டோம். இங்கே ஒரு சாண், எதிர்ப்புறம் ஒரு சாண், ஆற விடுவது, மறுபடி. அப்படியும் இடது பக்கத் தகடு உள்ளே 4 மி.மீ. சாய்ந்துவிட்டது. வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்குகிற பக்கம் தகட்டை இழுக்கும், அதன் குணம் அது. வெளிப்புறம் ஒரு கோடாகச் சூடு காட்டி ஆற விட்டதும் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மிச்சம் கிடக்கட்டும். மண்ணுக்கு 1 மி.மீ. கணக்குத் தெரியாது.

உள்ளே நான்கு மூலைகள். வெல்டு அழகாக உட்கார்ந்திருக்கிறது. அந்த மூலைகளைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 8

பவுடர் கோட்டிங் போடுகிறவரிடம் போய் அடுப்பை அளந்துவிட்டு வந்தேன். நீளம் பிரச்சினை இல்லை. கதவின் அகலம் 800. பெட்டியின் ஆழம் 500, அதற்கு முன்னால் டிராக்டரில் மாட்டும் கூம்புச் சட்டம் 400 நீட்டுகிறது, ஆக 900. படுக்கவைத்துத் தொங்கவிட்டால் 760 வரும். பக்கத்துக்கு 20 மி.மீ. இடைவெளி. டிராலி ஓர் ஆட்டம் ஆடினால் போதும், வேகாத பவுடர் கதவில் ஒட்டிக்கொள்ளும். விரலால் தொட்டாலே போய்விடுகிற மாவுதானே அது, அடுப்பில் உருகும்வரை.

800. 900. 760. ராத்திரி முழுக்க இந்த மூன்று எண்களும்தான்.

பிப்ரவரி 9

கூம்புச் சட்டத்தைத் தனியாகப் பண்ணி போல்ட்டில் மாட்டுவது என்று முடிவு. எளிதாகத்தான் தோன்றியது. ஆனால் இரண்டு தகடுகள் முகத்தோடு முகம் சேரும் இடத்தில் நடுவே கோட்டிங் இருந்தால், அது நாளாக நாளாக நசுங்கும். ஒவ்வொரு முகத்திலும் 80 மைக்ரான், போல்ட் தலைக்கும் நட்டுக்கும் அடியில் இன்னும் இரண்டு அடுக்கு. நசுங்கினால் போல்ட் இழுத்துப் பிடிக்கும் பிடி தளரும். முறுக்கியது முறுக்கியபடியே இருக்கும், நட்டு சுற்றியிருக்காது, ஆனால் பிடி இருக்காது. கல்லில் ஒரு குத்து விழுந்தால் சட்டம் ஆட ஆரம்பிக்கும்.

ஆக சேரும் முகங்களை டேப் ஒட்டி மறைக்க வேண்டும். மறைத்தால் அந்த இடம் வெற்று இரும்பு. வெற்று இரும்பு என்றால் துரு. அங்கே துத்தநாகப் பூச்சு மெல்லிசாக ஒரு கை கொடுத்து, அது காய்ந்த பிறகு முறுக்கலாம். அதுவும் பூச்சுதானே என்று அண்ணன் கேட்டார். பூச்சுதான். ஆனால் மெல்லியது, கெட்டியானது. இதைவிட நல்ல வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும்.

பிப்ரவரி 10

போன் வந்தது. 24 மாறவில்லை. காலை வெறும் வயிறு.

பிப்ரவரி 11

இன்று கோட்டிங்காரரோடு மூலைகளைப் பற்றி மட்டுமே பேசினேன். மனிதர் சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார்.

பவுடர் தெளிக்கும் கன்னின் நுனியில் 100 கிலோவோல்ட் வரை ஏறும். பவுடர் மின்னேற்றத்தோடு பறக்கும், எர்த் செய்த இரும்பு அதை இழுக்கும். இழுப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் விளிம்புதான். மின்புலக் கோடுகள் வாசலிலேயே முடிந்துவிடும், உள்மூலைக்குள் நுழையாது. ஃபாரடே கூண்டு. பள்ளியில் படித்தது, இடி மின்னலுக்குக் காருக்குள் உட்கார்ந்தால் பத்திரம் என்று. நமக்குப் பத்திரமாக இருப்பது பவுடருக்கும் பத்திரம், உள்ளே வரவே மாட்டேன் என்கிறது. பாக்ஸ் பிளேடு என்பதோ முழுக்க முழுக்க உள்மூலைகளால் ஆனது. மண்ணை வாரிப் பிடிக்கத்தானே அந்த வடிவம்? ஈரமண் கடைசிவரை ஒட்டியிருப்பதும் அங்கேதான்.

வழி உண்டு என்றார். மூலையை முதலில் அடிக்க வேண்டும், வோல்டேஜைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும், பவுடரை மெதுவாக விட வேண்டும். சமதளத்தை முதலில் அடித்துவிட்டால் அப்புறம் மூலைக்குள் ஒன்றும் போகாது. தொங்கவிடும் கொக்கியில் பழைய கோட்டிங் ஏறியிருந்தால் எர்த்தே இருக்காது, அதைச் சுரண்டிப் பளபளவென்று வைத்திருக்க வேண்டும். அவருடைய கொக்கிகளைப் பார்த்தேன். சுரண்டித்தான் இருந்தன. நிம்மதி.

பிப்ரவரி 13

குறுக்குக் குழாய் இரண்டு முனையும் அடைத்த சதுரக் குழாய். அடியில் 6 மி.மீ. ஓட்டை போட்டேன். உள்ளே ஒரு சொட்டு நீரோ எண்ணெயோ இருந்தால் அடுப்பில் ஆவியாகி எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே முட்டும். கண்ணுக்குத் தெரியாத வெல்டுத் துளை வழியாக வந்தால் கோட்டிங்கில் கொப்புளம். மழைநீர் தேங்காமல் வடியவும் இதே ஓட்டை.

தெறித்த வெல்டு மணிகளை உளியால் தட்டி எடுத்தேன். விளிம்புகளை கிரைண்டரில் உருட்டினேன். கூர் விளிம்பில் பவுடர் உருகும்போது விலகிப் போய்விடும், அங்கே தோல் மெலியும். சிலிகான் கலந்த தெறிப்புத் தடுப்பு ஸ்ப்ரேயை ஆரம்பத்திலிருந்தே பட்டறைக்குள் விடவில்லை, அது பட்ட இடம் குழி குழியாகும்.

இடது கையில் கிரைண்டர் பிடிக்க முடியவில்லை. மகள் பார்த்துவிட்டாள்.

பிப்ரவரி 14

அண்ணன்: "மண்ணுக்குள்ள போய்ப் புரளப்போற சாமானுக்கு எதுக்குடா இந்த மேக்கப்? பிரஷ்ல ரெண்டு கோட் அடிச்சா முடிஞ்சுது."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கீழே வெட்டும் அலகில் எதைப் பூசினாலும் முதல் நாளே மண் தேய்த்து வெள்ளி ஆக்கிவிடும், மண்ணைக் கிளறும் பல்லும் அப்படியே. அலகை போல்ட்டில்தான் வைத்திருக்கிறேன், ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போடலாம். சாதாரண பெயின்ட் அடிபட்டால் அந்த இடத்தை மட்டும் தொட்டுவிடலாம். பவுடர் கோட்டிங் ஓரிடத்தில் பிளந்தால் அடியில் நீர் ஊர்ந்து போகும், மேலே பளபளப்பாக நிற்கும்போதே உள்ளே துரு நடக்கும். எல்லாம் தெரியும்.

ஆனால் பிரஷ்ஷால் அடித்ததை வருஷா வருஷம் தொட்டுக்கொடுக்க ஆள் வேண்டும். இந்த மழைக்காலம் முழுக்க இது வெளியில் நிற்கும், கவனிக்க நான் வரமாட்டேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது. "நிறம் நல்லா இருக்கும்ணே" என்றேன்.

பிப்ரவரி 16

மழை. ஒன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரி 17

மணல் வீச்சு முடிந்தது. புதுத் தகட்டின் மேல் இருக்கும் கருநீலத் தோல் போனால்தான் பிடிமானம். அந்தத் தோலின் மேலேயே கோட்டிங் போட்டால் இரண்டும் சேர்ந்து உரிந்து வரும். சாம்பல் வெள்ளையாக, சொரசொரப்பாக நின்றது பெட்டி. மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எஸ்ஏ 2½ என்றார்கள், சுத்தத்தின் தரம் அது. மகள் தொடப் போனாள், கையைப் பிடித்து இழுத்தேன். வியர்வை பட்ட இடம் நாளைக்குள் பழுப்பாகும்.

அவளிடம் குரலை உயர்த்தியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 18

கோட்டிங். முளை ஓட்டைகளில் சிலிகான் அடைப்பான், சேரும் முகங்களில் பச்சை டேப். பல் செருகும் பொந்துகளுக்குள்ளும் மறைத்தாயிற்று. அங்கே இடைவெளியே கொஞ்சம்தான், கோட்டிங் ஏறினால் பல் உள்ளே இறங்காது.

முதலில் துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர். அதை முழுக்க வேகவிடாமல் அரைவேக்காட்டில் எடுத்து, மேலே பாலியெஸ்டர். முழுக்க வெந்த பிரைமரில் மேல் கோட் சரியாகப் பிடிக்காது. எபாக்சியை மட்டும் போட்டு வெயிலில் நிறுத்தினால் சுண்ணாம்பாய்ப் பொடியும். நிறம் ரால் 2004, ஆரஞ்சு. புல்லுக்குள் கிடந்தாலும் தெரியும், யாரும் இடறி விழமாட்டார்கள்.

மூலையை முதலில் அடித்தார். நான் கேட்காமலேயே.

அப்புறம் அடுப்பு. அடுப்பின் முள் 200 காட்டியதும் அவருடைய ஆள் மணி பார்த்தான். அவர் தடுத்தார். காற்றுதான் 200, தகடு இன்னும் வரவில்லை. 10 மி.மீ. தகடு சூடேற மெல்லிய தகட்டைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும், இரும்பே 200-ஐத் தொட்ட பிறகுதான் அந்தப் பத்து நிமிஷக் கணக்கு தொடங்கும். அதற்கு முன் எடுத்தால் பார்வைக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும், சுத்தியல் பட்டால் ஓடு ஓடாய்த் தெறிக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் முழுக்கத் தோள் நினைவே இல்லை.

பிப்ரவரி 19

கனமானியை வைத்துப் பார்த்தோம். பின்பலகை இரண்டு அடுக்கும் சேர்த்து 140 மைக்ரான். பக்கத் தகடு 150. மூலைக்குள் கனமானியின் மூக்கு உட்காரவே இல்லை, அதற்குச் சமதளம் வேண்டும். எது தெரிய வேண்டுமோ அதை மட்டும் அளக்க முடியாது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆரஞ்சாகத்தான் இருக்கிறது. ஆரஞ்சாக இருப்பதும் போதுமான கனத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

பிப்ரவரி 20

டார்ச் அடித்து மறுபடி பார்த்தேன்.

பிப்ரவரி 21

சட்டத்தை மாட்டினோம். எம்16 போல்ட்கள். முறுக்கும் நெம்பு என் கையில் இருந்தது, அண்ணன் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். டிராக்டரின் மேல் கையான டாப் லிங்க்கின் முளை சொகுசாக இறங்கியது. முளை கழன்றுவிடாமல் பூட்டும் லிஞ்ச் பின்னை மாட்டுகிற வேலையை மகளுக்குக் கொடுத்தேன். "கிளிக்" என்று கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்டாள்.

பிப்ரவரி 22

ஓட்டிப் பார்த்தாயிற்று! பல்லை இறக்கி ஒரு நடை, பல்லை ஏற்றி ஒரு நடை. டாப் லிங்க்கைக் குறைத்தால் முன் அலகு கடிக்கிறது, நீட்டினால் பின் அலகு மட்டம் தட்டுகிறது, படத்தில் எழுதியிருப்பது போலவே. பள்ளம் நிரம்பிவிட்டது. அண்ணன் இறங்கி நின்று பார்த்துவிட்டு, "மேக்கப் போனாலும் ஆள் பரவாயில்லைடா" என்றார். அலகில் ஆரஞ்சு ஒரு பொட்டும் இல்லை. பக்கத் தகட்டில் ஒரே ஒரு கீறல், கல் பட்டது. மூலையில் மண் அப்பியிருக்கிறது.

பிப்ரவரி 23

பை கட்டியாயிற்று. காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

அண்ணனுக்கு எழுதி வைக்க வேண்டியவை. பத்து மணி நேரம் ஓடிய பிறகு சட்டத்தின் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி முறுக்க வேண்டும், தளர்ந்த மாதிரித் தெரியாவிட்டாலும். நெம்பு பெஞ்சின் இரண்டாம் இழுப்பறையில். நிறுத்தும்போது கட்டையின் மேல் நிறுத்தவும், ஓட்டை கீழே பார்த்து இருக்கும்படி. ஓட்டியதும் மூலை மண்ணைக் குச்சியால் தள்ளிவிடவும், இரும்புக் கரண்டி வேண்டாம். கீறல் பட்ட இடத்துக்குச் சின்ன டப்பாவில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது, முதலில் உப்புத்தாள் போட்டு