வட்டு சுற்றும்போது என்ன தெரிகிறது?

பள்ளி பள்ளியாகப் போய் அறிவியல் சோதனைகளைச் செய்து காட்டுவது என் வேலை. ஒளி, நிறம் என்றாலே பிள்ளைகளுக்குக் குஷிதான். எனக்கு மட்டும் நியூட்டன் வட்டு என்றால் கொஞ்சம் தலைவலி. ஏழு நிறம் தீட்டிய வட்டை வேகமாகச் சுழற்றினால் வெள்ளையாகத் தெரியும் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். சுழற்றிவிட்டு, "என்ன நிறம்?" என்று கேட்டால், "வெள்ளை சார்!" என்று வகுப்பே கத்தும். அபூர்வமாக யாராவது ஒருத்தர் மட்டும், "சாம்பல் மாதிரி இருக்கு சார்" என்று இழுப்பார்.

அந்த ஒருத்தருக்காகத்தான் வட்டை இன்னும் பையில் வைத்திருக்கிறேன். சாம்பல் என்பதுதான் சரி. சிவப்புச் சாயம், மேலே விழும் ஒளியில் பெரும்பாலும் சிவப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு மற்றதை விழுங்கிவிடும். ஒவ்வொரு பட்டையும் இப்படி விழுங்கினால் மிஞ்சுவது மங்கிய வெளிச்சம்தான். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் இருக்கின்றன என்று காட்ட நியூட்டன் நம்பியது இந்த வட்டை அல்ல. முப்பட்டகம் என்ற முக்கோணக் கண்ணாடிக் கட்டை பிரித்த நிறங்களை ஒரு லென்ஸால் மறுபடி சேர்த்து வெள்ளை ஒளியைப் பெற்றார். 1672இல் வெளியான அவருடைய கட்டுரையில் அது இருக்கிறது.

அப்புறம் கைப்பேசியை எடுப்பேன். வெள்ளைத் திரையில் குட்டியாக ஒரு சொட்டுத் தண்ணீர். (குட்டியாக! கைப்பேசி என்னுடையது.) சொட்டு உருப்பெருக்கியாகிவிடும்; உள்ளே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மட்டும். வெள்ளையைக் காணோம். எலுமிச்சம்பழப் படத்தை வைத்தால் சிவப்பும் பச்சையும் எரியும், நீலம் அடங்கியிருக்கும். சிவப்புப் பெயின்ட்டையும் பச்சையையும் கலந்து சேற்று நிறம் பார்த்த பிள்ளைகள் இங்கே சண்டைக்கே வருவார்கள். சாயத்தைக் கலந்தால் வெளிச்சம் குறையும், ஒளியைக் கலந்தால் கூடும் என்று சொல்லிப் பார்ப்பேன். அப்போதும், "பழத்துல மஞ்சளே இல்லையா சார்?" என்ற கேள்வி நிற்கும்.

திரையில் இல்லைதான். நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மஞ்சள் ஒளி அவற்றை எப்படித் தூண்டுமோ, சிவப்பும் பச்சையும் சேர்ந்து அப்படியே தூண்டுகின்றன. கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு பள்ளியில் இதைக் கேட்ட சிறுமி, "அப்போ காக்காவுக்கு?" என்றாள். பறவைகளுக்குக் கூம்புச் செல் நான்கு வகை. நம் கண்ணுக்காகச் செய்த திரையில் காகத்துக்கு அந்தப் பழம் வேறு ஏதோ நிறமாகத்தான் தெரியும் என்றேன். "என்ன நிறம்?" என்று விடாமல் கேட்டாள். அதற்கு நம்மிடம் பெயரே இல்லை என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை.