கையெழுத்துக்குக் கீழே ஒரு பிரிவு எண்

அமெரிக்காவில் தம்மை 'இறையாண்மைக் குடிமக்கள்' என்று சொல்லிக்கொள்வோரில் சிலர், நீதிமன்றத் தாள்களில் கையெழுத்துக்குக் கீழே 'சீரான வணிகச் சட்டத் தொகுப்பு 1-308' என்று எழுதிவிட்டால் அரசின் அதிகாரம் தம்மைத் தீண்டாது என்று நம்புகிறார்கள். வணிகப் பரிமாற்றங்களுக்கான அமெரிக்கச் சட்டத்தின் அந்தப் பிரிவு சொல்வதோ, ஒப்பந்தத்தில் தகராறு எழுந்த பின்னும் தன் பங்கை நிறைவேற்றும் ஒருவர், அதனால் தன் உரிமைகளை விட்டுக்கொடுத்ததாக ஆகாதபடி முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம் என்பதை மட்டுமே. வேக வரம்பை மீறியதற்கான அபராதம் எந்த ஒப்பந்தத்திலும் பிறப்பதன்று. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில் பிறப்பது. பெயரை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (capital letters) அச்சிட்டால் அது தம்மையல்ல, வேறொரு போலி ஆளைக் குறிக்கும் என்ற வாதமும் இதே ரகம்தான். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2012ஆம் ஆண்டு ஒரு விவாகரத்து வழக்கில் நீதிபதி ஜான் ரூக் இவ்வாதங்களை விரிவாக ஆராய்ந்து நிராகரித்தார். எனக்கு எரிச்சலூட்டுபவர்கள், இந்தச் சூத்திரங்களைக் காசுக்கு விற்கும் 'குரு'க்களே. அபராதம் கட்டுவதென்னவோ வாங்கியவர்கள்தாம்.