இதில் என்ன வைத்தார்கள்?

சீனப் பீங்கான் கூடத்துக்குள் நுழைகிற யாரும் ஐந்து நிமிடத்துக்குள் கேட்டுவிடும் கேள்வி: "இது என்ன விலை போகும்?" சிங்கப்பூரில் அருங்காட்சியக வழிகாட்டியாகச் சேர்ந்த புதிதில் ஏதாவது பதில் சொல்லிச் சமாளிப்பேன். இப்போதெல்லாம் பதிலுக்கு நானே கேட்டுவிடுகிறேன்: "இதில் என்ன வைத்திருப்பார்கள், சொல்லுங்கள்?" கூட்டம் உடனே கண்ணாடிப் பேழையை நெருங்கிவிடும்.

இங்குள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இருக்கும், சீனாவின் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் பொருந்தும். 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அவை. கிடைத்த பாண்டங்கள் ஏறத்தாழ 60,000. பெரும்பகுதி இந்தக் கிண்ணங்கள்தான். ஒன்றில் கி.பி. 826க்குரிய தேதி பொறித்திருக்கிறது. விளிம்பை உற்றுப் பார்த்தால், நான்கு பக்கமும் பழுப்புச் சாயத்தில் தோய்த்து எடுத்த தடம் தெரியும். நடுவே தூரிகையால் நாலு இழுப்பு. அது பறவையாகவோ இலையாகவோ ஆகிவிடுகிறது. வரைந்தவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ கிண்ணங்கள் பாக்கி இருந்திருக்கும். இவற்றில் ஒரு கிண்ணத்தில் 'தேநீர்க் கிண்ணம்' என்றே எழுதியிருக்கிறார்கள். என் கேள்விக்கு இவ்வளவு நேரடியாக வேறெந்தப் பாண்டமும் பதில் சொன்னதில்லை.

தேநீர் என்றதும் நிறத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தேநீருக்கென்றே எட்டாம் நூற்றாண்டில் ஒரு நூல் எழுதிய லு யூ, சிங் சூளையின் வெள்ளைக் கிண்ணத்தைவிட யுவே சூளையின் பச்சைக் கிண்ணத்தையே உயர்த்திச் சொன்னார். வெள்ளையில் தேநீர் சிவந்து தெரிகிறது, யுவேயில் பச்சையாகத் தெரிகிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பிறகு சோங் வம்சக் காலத்தில் (10–13ஆம் நூற்றாண்டு) தேயிலைப் பொடியை நுரை பொங்க அடித்துக் குடிக்கும் வழக்கம் வந்தது. வெண்ணுரை எடுப்பாகத் தெரியக் கறுப்புக் கிண்ணம் வேண்டும். கறுப்புக் கிண்ணம் செய்த, தென்கிழக்குச் சீனாவின் ஃபூச்சியன் மாகாணத்து ஜியான் சூளைகளுக்கு யோகம் அடித்தது. பாண்டத்தின் அழகை அதற்குள் ஊற்றியதுதான் தீர்மானித்திருக்கிறது. பேழைக்குள் காலியாக இருக்கும் கிண்ணம், என்னைக் கேட்டால், பாதிக் கிண்ணம்தான்.

அரண்மனைக் கதை வேறு. சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்தில் உள்ளும் புறமும் மஞ்சளாக இருக்கும் கிண்ணம் பேரரசர், பேரரசி, பேரரசரின் தாய் ஆகியோருக்கு மட்டும். அடுத்த நிலையில் இருந்த மனைவிக்கு வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. அதற்கும் அடுத்தவருக்கு மஞ்சளில் பச்சை டிராகன். சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தே யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். வழிபாட்டுப் பாண்டங்களுக்கும் நிறம் விதித்திருந்தார்கள்: வானத்துக்கு நீலம், பூமிக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெளிர்நீலம்.

எனக்கு மிகவும் பிடித்தவை சாடிகள். பழுப்பு மெருகிட்ட பெரிய சாடியைக் கண்டால் நம்மவர்கள் "ஊறுகாய் ஜாடி!" என்று சிரிப்பார்கள். அது தவறும் இல்லை. தென்சீனச் சூளைகளில் அவற்றைச் செய்தவர்களுக்கும் அது சரக்கு ஏற்றி அனுப்பும் கொள்கலன்தான். பெலிதுங் கப்பலில் இத்தகைய பெரிய சாடிகளுக்குள்ளேயே கிண்ணங்களைச் சுருள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். ஒரு சாடிக்கு நூற்றுக்கும் மேல். இப்படிப்பட்ட சாடியே போர்னியோ தீவில் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீண்டவீடுகளுக்குப் போனபோது குடும்பச் சொத்தாகிவிட்டது. அதில் அரிசிக் கள் புளித்தது. அதைப் பரிசமாகக் கொடுத்தார்கள், குற்றத்துக்கு அபராதமாகக் கட்டினார்கள், சில இடங்களில் இறந்தவரின் எலும்பையும் அதில் வைத்தார்கள். ஜப்பானுக்குப் போன ஒரு சாடியில் தேயிலையை வைத்தார்கள். அதற்குச் 'சிகுசா' என்று பெயர் சூட்டிப் பட்டு உறையும் வலையும் போட்டு அலங்கரித்தார்கள். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்த குயவருக்கு இதெல்லாம் தெரிந்தால் கூலியை உயர்த்திக் கேட்டிருப்பார்.

இவ்வளவு சொன்ன பிறகும் விலையை விடாதவர்கள் உண்டு. அவர்களுக்காகவே மிங் பேரரசர் செங்ஹுவா காலத்துக் கோழிக் கிண்ணத்தின் கதையை வைத்திருக்கிறேன். சேவலும் பெட்டையும் குஞ்சுகளும் வரைந்த, உள்ளங்கையில் அடங்கும் பதினைந்தாம் நூற்றாண்டுக் கிண்ணம் அது. 2014இல் ஹாங்காங் ஏலத்தில் லியூ யீச்சியான் என்ற செல்வந்தர் அதை 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். வாங்கிய கையோடு அதில் தேநீர் ஊற்றிக் குடித்தார்; படமும் வெளியானது. ஊரே திட்டியது. கையுறை இல்லாமல் எதையும் தொடாத என் சக ஊழியர்கள் சிலர் இன்றும் அவரை மன்னிக்கவில்லை. எனக்கு அவர் குடித்ததில் வருத்தமே இல்லை. ஆனால் அது மதுக் கிண்ணம். அதில் போய்த் தேநீரை ஊற்றியிருக்க வேண்டாம்.