அப்பிச்சியின் புல்லட்டில் மலையடிவாரம் சுற்றிய ஒரு நாள்

நேற்று இரவு ஏழரைக்கு உடுமலைப்பேட்டையில் மாமா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளங்கை இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த அதிர்வு போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்த வழி, எவ்வளவு செலவு, எங்கே சாப்பிடலாம் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆசை, ஆனால் வண்டியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

1986 மாடல் புல்லட் 350. அம்மாவின் அப்பா, எங்கள் அப்பிச்சி, புதிதாக வாங்கிய வண்டி. அவருக்குப் பின் மாமாவிடம் வந்து, துருப்பிடிக்கவிடாமல் அவர் பார்த்துக்கொள்கிறார். பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின், 346 சிசி, நான்கு கியர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். இப்போதைய வண்டிகளை ஓட்டிப் பழகியவர்கள் தயவுசெய்து ஒரு மணி நேரமாவது காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஆட்டோ குறுக்கே திரும்பியபோது என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடிக் கியரை மிதித்துவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்ததால் தப்பித்தேன். நெஞ்சு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

ஸ்டார்ட் செய்வதற்கே ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, மின்னோட்டம் காட்டும் ஆம்ப்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக இறக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் இடது கைப் பக்கமுள்ள, எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஷன் லிவரை அழுத்தி இன்னும் கொஞ்சம் இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் முழு உடம்பையும் கொடுத்து ஒரே மிதி. சரியாக அமைந்தால் முதல் மிதியிலேயே எழுந்துகொள்ளும். தட், தட், தட் என்று அந்தச் சத்தம் வந்ததும் மாமா முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

"மாப்ள, அம்பத்தஞ்சுக்கு மேல முறுக்காத. மலை மேல ஏத்தாத. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்தி ஆற வை."

"சரிங்க மாமா" என்றேன். மலையைப் பற்றிச் சொன்னதில் மட்டும் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் ஆழியாறு வரை போய்விட்டு வால்பாறை ஏறாமல் திரும்புவதா என்று மனது கேட்டுக்கொண்டே இருந்தது.

பெட்ரோல் 500 ரூபாய்க்குப் போட்டேன். மொத்த பட்ஜெட்டே 800. மாதக் கடைசி, அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன்.

உடுமலையிலிருந்து தளி வழியாகத் திருமூர்த்திமலை. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் காலை ஆறரை மணி வெயிலில் அந்த ரோட்டை 45-ல் ஓட்டுவது தனி சுகம். இரண்டு பக்கமும் தென்னை, நடுநடுவே மக்காச்சோளக் காடு, நேர் எதிரே ஆனைமலைத் தொடர் நீலமாக. நான்காவது கியரில் போட்டுவிட்டால் எஞ்சின் ஒவ்வொரு அடியாக எண்ணி எண்ணி அடிப்பது போல இருக்கும். எழுபது, எண்பதில் விரட்டும் வண்டியில் இதே ரோட்டில் மூன்று தடவை போயிருக்கிறேன், வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் தென்னை என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன். நேற்று மடைகளில் தண்ணீர் திரும்பும் சத்தம் வரை கேட்டது.

திருமூர்த்தி அணையில் நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டேன். அறுபது அடி அணை, பார்க்கச் சின்னது, ஆனால் பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் கழுத்தே இதுதான். பரம்பிக்குளம் பக்கத்துத் தண்ணீர் சர்க்கார்பதி மின்நிலையம் வழியாக இறங்கி, மலை ஓரமாகவே வெட்டிய 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் ஓடி இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து சுமார் 3.77 லட்சம் ஏக்கருக்கு நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். காலையில் நான் பார்த்த பச்சை அத்தனையும் மலைக்கு அந்தப் பக்கமிருந்து சுமந்து வந்த தண்ணீர் என்று நினைத்தபோது சிலிர்த்துவிட்டது. கீழே அமணலிங்கேஸ்வரர் கோவிலில் ஒரே பாறையில் மூன்று மூர்த்திகளையும் கும்பிட்டேன். பஞ்சலிங்க அருவிக்கு ஏறவில்லை, நேரம் போதாது.

அங்கிருந்து தேவனூர்புதூர் வழியாக ஆனைமலைக்கு. நாள் முழுக்க ஓட்டியதில் எனக்கு மிகவும் பிடித்த ரோடு இதுதான், நாளின் மிக மோசமான ஒரு மணி நேரமும் இதில்தான். தேவனூர்புதூர் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமியது, மூன்றாவது முறை நின்றுவிட்டது. மிதித்து மிதித்து முழங்கால் விட்டுப்போனது. 160 கிலோவுக்கு மேல் எடை உள்ள வண்டியை வெயிலில் அரை கிலோமீட்டர் தள்ளினேன். ஒரு மெக்கானிக் கடை வந்தது. நான் கும்பிடாத குறை.

அந்த ஆள் வண்டியின் ஒரு மூடியைக்கூடத் திறக்கவில்லை. கிக்கரை ஒரு தடவை அழுத்திவிட்டு, "காயில் போச்சு, பொள்ளாச்சியில இருந்து வரவைக்கணும், 1,800 ஆகும், நாளைக்கு வாங்க" என்றார். காயில் என்றால் பிளக்கில் தீப்பொறி வர மின்சாரத்தை ஏற்றித் தரும் பாகம். பிளக்கையாவது கழற்றிப் பாருங்கள் என்றேன். "எல்லாம் பாத்தாச்சு" என்றார். வேண்டாம் என்று வண்டியைத் திருப்பினால் பார்த்ததற்கு 200 ரூபாய் கேட்டார். எதைப் பார்த்தார்? தனியாக, பழக்கமில்லாத ஊரில், வண்டி ஓடாமல் நிற்கும்போது சண்டை போடத் தெம்பில்லை, கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போதுகூட ஆத்திரம் வருகிறது. வழியில் நின்றுபோனவனிடம் பிடுங்குவது அநியாயம், வேறு வார்த்தை இல்லை.

மறுபடி தள்ளினேன். ஒரு தோப்பு வாசலில் நிழல் கண்டு நின்றபோது மோட்டார் ரூமிலிருந்து ஒரு பெரியவர் வந்தார்.

"ஏனுங் தம்பி, புல்லட்டு நின்னு போச்சுங்களா?"

"ஆமாங்கய்யா. காயில் போச்சுன்னு சொல்றாங்க."

"காயிலு அவ்வளவு சுளுவா போவாதுங். பாயிண்ட்டைப் பாப்பம்."

அவர் இளவயதில் ராஜ்தூத் பைக் வைத்திருந்தாராம். சிலிண்டருக்குப் பின்னாலிருந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கிளிப்பை நெம்பி எடுத்தார். உள்ளே பாயிண்ட், அதாவது தீப்பொறி வரும்படி மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச், அதன் இரண்டு முனையும் கருத்துப்போய் எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தது. மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, குச்சி உரசும் பக்கத்தைக் கிழித்து, முனைகளுக்கு நடுவே விட்டு நாலு இழுப்பு இழுத்தார். பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தார். அந்த இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், அளக்கும் கேஜ் கையில் இல்லை, என் பர்ஸிலிருந்த விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து ஸ்க்ரூவை முறுக்கினார். மூடியைப் போட்டு, "மிதிங்" என்றார். இரண்டாவது மிதியில் தட், தட், தட்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பணம் எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். அதற்குப் பதிலாக இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்து, தோப்பைச் சுற்றிக் காட்டினார். அந்த அரை மணி நேரம்தான் என் மனதில் கனமாக நிற்கிறது. சாலையிலிருந்து பார்த்து நான் பச்சை பச்சை என்று மயங்கிய தென்னைகளுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால், ஓலையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை ஈ, அது விடும் பிசினில் படர்ந்து மேலே கரும்பூஞ்சை. சில மரங்களில் வேர் வாடல் நோய், மட்டை மடங்கி விலா எலும்பு மாதிரி உள்நோக்கி வளைந்திருக்கிறது. "நாப்பது மரம் வெட்டிப் போட்டனுங், எங்கப்பன் வெச்சது" என்றார். அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்வது? இளநீரை வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு வழியெல்லாம் தோப்புகளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் பத்து நிமிடம். அம்மன் படுத்த கோலத்தில் இருப்பாள். திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் நியாயம் கேட்டு இங்கே மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். நானும் அந்த 200 ரூபாயை நினைத்துக்கொண்டு நின்றேன், அப்புறம் தோப்புப் பெரியவருக்காக மட்டும் வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆழியாறு போய்ச் சேர மணி இரண்டரை, பசி கண்ணை மறைத்தது. அணைப் பக்கம் மீன் வறுத்துத் தரும் கடைகள் வரிசையாக இருக்கும். முழு ஜிலேபி மீனை நாமே காட்டினால், கீறி, மசாலா தடவி நம் எதிரிலேயே எண்ணெயில் போடுகிறார்கள். மேல்தோல் மொறுமொறு, கீறலுக்குள் மசாலா இறங்கிய சதை வெள்ளையாகப் பிரிந்து வருகிறது, மேலே வெங்காயம், பாதி எலுமிச்சை. மீன் 120, சாப்பாடு 80. இரண்டாவது மீனுக்குக் கை நீண்டது, பர்ஸ் வேண்டாம் என்றது. நகரத்துக் கடைகளில் இதைவிட மூன்று மடங்கு கொடுத்து ஐஸ் மீன் தின்றதை நினைத்தால் வயிறு எரிகிறது. இந்தப் பக்கம் வந்தால் வேறு எங்கும் சாப்பிடாதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு மலைப்பாதை தொடங்கும் இடம் வரை போய் நின்றேன். மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவிலிருந்து ஆழியாறு அணை முழுசாகத் தெரியும், அந்தப் பாறைகளில் வரையாடு நிற்கும், எல்லாம் முன்னால் பஸ்ஸில் போய்ப் பார்த்ததுதான். ஆனாலும் கை துடித்தது. ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். முன்னும் பின்னும் டிரம் பிரேக், அதுவும் நாற்பது வருடத்து வண்டி. ஏறுவது கஷ்டமில்லை, இறங்கும்போது டிரம் சூடேறிவிட்டால் பிரேக் பிடிக்காது. மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த வண்டிக்குச் சமவெளிதான் ஊர். வால்பாறைக்கு ஏற டிஸ்க் பிரேக் வண்டியில் இன்னொரு நாள் வருகிறேன் என்று திருப்பிவிட்டேன்.

பொள்ளாச்சி வந்து டீ குடித்து, அங்கிருந்து உடுமலைக்கு மெயின் ரோடு. இதைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை. லாரிகள் பின்னால் வந்து ஹாரன் அடித்து நசுக்கப் பார்க்கின்றன, புல்லட்டின் ஹெட்லைட் வெளிச்சம் முன் சக்கரத்தைத் தாண்டினாலே பெரிது. இருட்டுவதற்குள் இந்த ரோட்டைக் கடந்துவிடும்படி கிளம்புங்கள், நான் தோப்பில் உட்கார்ந்ததில் அது தவறிவிட்டது. மொத்தம் சுமார் 130 கிலோமீட்டர்.

கணக்கு: பெட்ரோல் 500, காலை டிபன் 70, மீனும் சாப்பாடும் 200, டீ 30, பார்க்கிங் 20, அந்த மெக்கானிக்குக்கு 200. ஆக 1,020. அவர் மட்டும் இல்லாவிட்டால் 820-ல் முடிந்திருக்கும்.

மாமாவிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, "ஆரு மாப்ள இது, நல்லா வெச்சிருக்காரே" என்றார். உள்ளே போய் ஒரு தீப்பெட்டி எடுத்து வந்து டூல் பாக்ஸில் போட்டு மூடினார்.